பிரளயத் தூண்களும் ஆலயத் தூண்களும்: ஃபிரீமேசன் மரபில் ஓர் இடமாற்றம்

கல்தச்சர் சங்க மரபைத் தனதாகக் கொள்ளும் ஃபிரீமேசன் சகோதரத்துவத்தின் தூண்கள் என்றதும், எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் வாசலில் நின்ற யாகீன், போவாஸ் என்ற இரு வெண்கலத் தூண்களே நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலக் கல்தச்சர்களின் பழைய ஏடுகள் பெருமையாகப் பேசியது வேறு இரு தூண்களைப் பற்றி.

15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த குக் கையெழுத்துப் படியில் அந்தக் கதை இருக்கிறது. யாபால், யூபால், தூபால்காயீன், நாமாள் ஆகிய நால்வரும் வேதாகமத்தில் வரும் லாமேக்கின் மக்கள். உலகுக்குத் தண்டனை நெருப்பாக வருமோ வெள்ளமாக வருமோ என்று அஞ்சிய அவர்கள், தாங்கள் கண்டறிந்த கலைகளை இரு தூண்களில் பொறித்து வைத்தார்கள். ஒன்று தீயில் வேகாத பளிங்கு. மற்றது நீரில் அமிழாத கல். பிரளயம் வடிந்த பிறகு ஒன்றைப் பித்தாகரஸும் இன்னொன்றை ஹெர்மிஸும் கண்டெடுத்தார்களாம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இதே போன்ற செய்தியைச் சேத்தின் வழிவந்தோர் மீது ஏற்றிச் சொல்கிறார். இங்கே தூண் என்பது அறிவுக் காப்பகம்.

ஆலயத் தூண்கள் லாட்ஜுக்குள், அதாவது மேசன்களின் கிளைச் சங்கத்துக்குள், நுழைந்ததற்கான தெளிவான சான்று ஸ்காட்லாந்தில் கிடைக்கிறது. 1696-ஆம் ஆண்டின் எடின்பரோ கையெழுத்துப் படி, உறுப்பினரை அடையாளம் காணும் வினாவிடையில் வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 7-ஆம் அதிகாரத்தைச் சுட்டுகிறது. 18 முழ உயரம், 12 முழச் சுற்றளவு, மேலே 5 முழக் கும்பம் என்று தூண்களின் அளவைச் சொல்லும் அதிகாரம் அது. அவற்றை வார்த்தவர் தீரு நகரிலிருந்து வந்த ஈராம், ஒரு விதவையின் மகன். பிற்காலத்தில் மேசன்களின் மூன்றாம் படிநிலைச் சடங்குக்கு நாயகனாகப் போகிறவரும் இந்தக் கைவினைஞரே.

லண்டனில் 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூலில் பிரளயத் தூண்கள் ஓர் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிட்டன. 1730-இல் சாமுவேல் பிரிச்சர்ட் சடங்குகளை அம்பலப்படுத்தி அச்சிட்ட நூலில் யாகீனும் போவாஸும் இரண்டாம் படிநிலையின் வினாவிடையில் இடம்பெற்றிருந்தன.

பழைய தூண்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆலயத் தூண்கள் உள்ளே கூடானவை என்று எரேமியாவின் நூல் சொல்கிறது. அதற்கான காரணத்தைச் சொல்லவில்லை. ஆங்கில மேசன் சடங்கு அந்த வெற்றிடத்தை நிரப்பியது: சங்கத்தின் ஆவணச் சுருள்களைப் பாதுகாக்கவே அவை கூடாக வார்க்கப்பட்டன என்கிறது. வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. லாமேக்கின் மக்கள் தூணுக்குக் கொடுத்த வேலை சாலொமோனின் தூண்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று இதைக் கொள்வது பொருந்தும்.

இவற்றோடு மூன்றாவது வரிசை ஒன்றும் சேர்ந்தது. லாட்ஜைத் தாங்குபவை ஞானம், வலிமை, அழகு என்ற மூன்று தூண்கள் என்று பிரிச்சர்டின் நூலிலேயே விடை இருக்கிறது. பின்னர் இவற்றுக்கு முறையே அயோனிக், டோரிக், கொரிந்தியன் வடிவங்கள் வகுக்கப்பட்டன. சாலொமோன், தீருவின் அரசர் ஈராம், கைவினைஞர் ஈராம் ஆகியோர் அவற்றோடு இணைக்கப்பட்டனர். லாட்ஜின் தலைவரும் அவருக்கு அடுத்த நிலை அலுவலர்களான இரு வார்டன்களும் இம்மூன்றின் உருவகம். ஆங்கில மரபு லாட்ஜுகளில் வார்டன்களின் மேசைமீது இன்றும் சிறு மரத்தூண்கள் உண்டு: கூட்டம் நடக்கையில் மூத்த வார்டனின் தூண் நிமிர்ந்து நிற்கும், இடைவேளை அறிவித்ததும் அதைப் படுக்க வைத்து இளைய வார்டனின் தூணை நிமிர்த்துவார்கள்.