பால்மரமும் பேனாக் கடைசலும்

பழைய கறுப்புப் பேனா ஒன்று கையில் கிடைத்தால் அன்பர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். அதன் உடலை உள்ளங்கையில் வைத்துச் சூடேறும்வரை தேய்த்து மூக்கருகே கொண்டு செல்க. கந்தக நெடி வீசுமாயின் அது பிளாஸ்டிக் அன்று, எபோனைட். அதாவது, கந்தகம் கூட்டிக் கெட்டியாக்கிய இரப்பர்.

இச்சோதனையை எனக்குக் காட்டியவர் நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எங்களுக்குக் கற்பித்த முதியவர் ஒருவர். அவருடைய பேனா கறுப்பு மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. தோட்டத்திலே பிறந்தவன் நான். என் தாயார் விடியுமுன் எழுந்து மரம் சீவப் போனவர். அப்படியிருந்தும் இரப்பரால் பேனா செய்வார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். சற்று வெட்கமாகவும் இருந்தது. வகுப்பில் இரப்பரின் வரலாற்றைச் சொல்லும் நாமெல்லாம் மோட்டார் வண்டிச் சக்கரத்தோடு நிறுத்திக் கொள்கிறோம் அல்லவா?

இரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலுக்கு இளகாமலும் குளிருக்கு நொறுங்காமலும் நிற்கும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் கெட்டி இரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். கந்தகம் சிறிதளவாயின் இழுபடும் இரப்பர் கிடைக்கும். மூன்றிலொரு பங்கு அளவுக்குக் கூட்டிப் பல மணி நேரம் வேகவைத்தால் கருங்காலி போன்ற கறுத்த கட்டை கிடைக்கும். எபோனைட் என்னும் பெயரே கருங்காலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

பேனாவுக்கு அக்கட்டை ஏற்றதாயிற்று. காரணம் மையில் இருக்கிறது. அக்கால மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது, புளிப்புத் தன்மையுடையது, இரும்பை அரிக்கும். எபோனைட்டை அஃது ஒன்றும் செய்யாது. 1884இல் நியூயார்க் நகரின் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனாவும், அதன்பின் நாற்பதாண்டுகள் வந்த பேனாக்களிற் பெரும்பாலானவையும் எபோனைட் உடல் கொண்டவையே.

கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877இல். தோட்ட இரப்பரின் அளவு பிரேசில் காட்டு இரப்பரை விஞ்சியது 1913, 1914ஆம் ஆண்டுகளில். ஆகவே, முதல் உலகப் போருக்குப் பின் கடைந்த எபோனைட் பேனாவில் மலாயாவின் பாலோ, அண்டை நாடுகளின் பாலோ கலந்திருக்கும் எனக் கொள்வதில் தவறில்லை. பெரட்டுக் களத்திலே கிராணியார் பெயர் கூப்பிட்டு வருகையைப் பதிந்த பேனா அத்தகையதாயின், மரம் சீவியவரின் பெயரை அவர் சீவிய பாலே எழுதிற்று என்று சொல்லலாம். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

இனிக் கடைசலுக்கு வருவோம். தயிர் கடைவதும் மரம் கடைவதும் தமிழில் ஒரே வினைதான்; இரண்டிலும் பொருள் சுழல வேண்டும். தொட்டில் காலையும் பம்பரத்தையும் கடைந்த கைக்கு எபோனைட் கட்டை புதிதன்று. கட்டையை நீளம் பார்த்து அறுத்து, கடைசலிற் பூட்டி, நடுவே துளையிட்டு, மூடியும் உடலும் பொருந்த மரை வெட்டி, பின்னரே வெளிப்புறத்தை உளியால் உருவாக்குவர். மரை வெட்டுவதில்தான் கைத்திறன் தெரியும். மயிரிழை தவறினாலும் மூடி ஆடும், மை கசியும். உடலுக்குள்ளேயே மையைச் சொட்டுக்குழாயால் நிரப்பும் பேனாவாயின் கசிவுக்கு மன்னிப்பே கிடையாது. சட்டைப் பை சாட்சி சொல்லிவிடும்.

இத்தொழில் இந்தியாவில் தழைத்தது சுதேசி இயக்கத்தின் காலத்தில். அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த இராஜமந்திரியில் இரத்தினம் என்பவர் செய்த பேனா, தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா வாயிலாகக் காந்தியடிகளிடம் சேர்ந்தது. அடிகள் அதனால் எழுதிப் பார்த்து, கடைத்தெருவில் விற்கும் அயல்நாட்டுப் பேனாவுக்கு இது நல்ல மாற்றெனத் தோன்றுகிறது என்னும் கருத்துப்பட 1935 ஜூலையில் நன்றிக் கடிதம் எழுதினார். அளந்து பாராட்டிய கடிதம் அது.

அக்ரிலிக் பிறந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் 1930களில் கண்ணாடி போன்ற இப்பொருளை உருவாக்கினர். போர் விமானங்களின் சாளரங்களுக்கு அது பயன்பட்டது. 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 பேனாவின் உடலும் அதுவே. வெயிலில் எபோனைட் போலப் பழுக்காது. வேண்டிய நிறமெல்லாம் கொள்ளும். ஆனால், கடைபவருக்கு அது பொல்லாத பொருள். நூறு பாகை வெப்பத்தை நெருங்கினால் இளகத் தொடங்கும். துளையிடும்போது துரப்பணத்தை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலை நீக்காவிட்டால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். உளி மழுங்கினாலோ ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். கூர் சரியாக இருந்தால் சீவல் நாடா போல் நீண்டு சுருளும்.

மெருகிடுவது இன்னும் பொறுமை கேட்கும் வேலை. நீர் தோய்த்த உப்புத்தாளில் முரட்டுத் தாளிலிருந்து மென்தாள் வரை படிப்படியாகச் செல்ல வேண்டும். முன்தாள் இட்ட கீறல்களைப் பின்தாள் முற்றும் அழித்த பிறகே அடுத்ததைத் தொடலாம். ஒரு படியைத் தாண்டியவர் கடைசியிற் பஞ்சுத்துணிச் சக்கரத்தில் மெருகேற்றும்போது அகப்பட்டுக் கொள்வார்; பளபளப்பின் அடியிலே அந்தக் கீறல் நின்று சிரிக்கும். ஒளி ஊடுருவும் அக்ரிலிக்காயின் உட்துளையையும் மெருகிட்டாக வேண்டும்.

1945இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பந்துமுனைப் பேனா இந்தப் பட்டறைகளை மெல்ல மெல்ல ஒடுக்கியது. நிப்புக்குப் பேர்போன சாத்தூரும் அதற்குத் தப்பவில்லை. எனினும் தொழில் அற்றுப்போகவில்லை. சென்னைக்கு அருகே திருவள்ளூரில் எபோனைட்டையும் அக்ரிலிக்கையும் இன்றும் கடைகிறார்கள். அக்ரிலிக் பேனாவுக்கும் நிப்பின் அடியிலுள்ள நாக்கை எபோனைட்டில் செய்வோர் உண்டு. மை அதில் நன்கு படியும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். என் கட்சியும் எபோனைட் பக்கமே. அது கைக்கு இதமானது.

பழுப்பேறிய எபோனைட்டை மீண்டும் தேய்த்து மெருகிட்டால் கறுப்புத் திரும்பும். என் ஆசிரியரிடம் அதை ஒருமுறை சொன்னேன். அவர் பேனாவைத் திருப்பிக் காட்டினார். உடலின் மேல் அவருடைய தந்தையாரின் பெயர் மெல்லிய கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருந்தது. தேய்த்தால் அதுவும் போய்விடும் என்று சொல்லிப் பையில் செருகிக் கொண்டார்.