மோட்டார் பெருசாச்சு, தண்ணி?

இன்னைக்கு எபிசோட் ஒரு பிளக்குல இருந்து ஆரம்பிக்குது.

அமெரிக்காவுல வீடு மாதிரியே இருக்கிற கேரவான் வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. கேம்ப்ல நிறுத்தினதும், அங்க இருக்கிற மின்கம்பத்துல பிளக்கைச் செருகுவாங்க. சின்ன வண்டிக்கு 120 வோல்ட், 30 ஆம்பியர். அதாவது 3,600 வாட். ரெண்டு ஏசி போட்டா டிரிப் ஆகிடும். அதனால 50 ஆம்பியர் கனெக்‌ஷனுக்கு மாறுவாங்க. அதுல 120 வோல்ட் லைன் ரெண்டு வரும். மொத்தம் 12,000 வாட்.

இப்போ திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கிற கீழ்பென்னாத்தூருக்கு வருவோம். இங்க கிணத்துல ஓடுற 5 எச்.பி. மோட்டாரோட திறன் 3,730 வாட். கிட்டத்தட்ட அந்தச் சின்ன கேரவான் அளவுதான். "பத்தல, பெருசாக்கு" என்கிற கதை இந்தப் பக்கம் பல வருஷமா நடந்துட்டிருக்கு.

ஒரு காலத்துல தண்ணி இறைச்சது கவலை மாடுகள். பைக்காரா மின் நிலையம் 1932-லயும் மேட்டூர் 1937-லயும் வந்துச்சு. 1957-ல மின்வாரியம் உருவாச்சு. அதுக்கப்புறம் கிராமம் கிராமமா லைன் போய், மாடு இருந்த இடத்துக்கு மோட்டார் வந்துச்சு.

ஆனா ஒரு சிக்கல். மேல வெச்ச மோட்டார் பம்ப்பால நடைமுறையில ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழ இருந்து தண்ணியை உறிஞ்ச முடியாது. அது இயற்பியல். தண்ணி இறங்க இறங்க, மோட்டாரைக் கிணத்துக்குள்ள இறக்கினாங்க. அப்புறம் போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார். 10 மீட்டர்ல இருந்த தண்ணி 40 மீட்டருக்குப் போனா, அதே அளவு தண்ணிக்கு நாலு மடங்கு திறன் வேணும். அதனால 3 எச்.பி. அஞ்சாச்சு, அஞ்சு ஏழரையாச்சு.

கரண்ட் பில்லும் ஏறுச்சு. 1970-கள்ல நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிகள் மின் கட்டணத்துக்கு எதிராப் போராடினாங்க. அவங்க கோபத்துல நியாயம் இருந்துச்சு: டெல்டாவுக்கு மேட்டூர் தண்ணி வாய்க்கால்லயே வந்துடும், கிணத்துப் பாசனக்காரர் கிணறு, மோட்டார், கரண்ட் எல்லாத்துக்கும் சொந்தக் காசைப் போடணும். 1984-ல சிறு விவசாயிகளுக்கும் 1990-ல எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்துச்சு.

கரண்ட் இலவசமாச்சு, ஆனா ஆழமா போர் போடுற செலவு இலவசம் இல்ல. இந்தப் பகுதி கெட்டிப் பாறை. தண்ணி மேல் மண்ணுலயும் பாறை வெடிப்புலயும்தான் இருக்கு. பக்கத்து நிலத்துக்காரர் பெரிய மோட்டார் போட்டா, அவர் எடுக்கிறதுல ஒரு பங்கு உங்க கிணத்துத் தண்ணியாவும் இருக்கலாம். காசு இருக்கிறவர் இன்னும் ஆழம் போவார். இல்லாதவரோட கிணறு வறண்டு, அவர் கூலி வேலைக்குப் போவார். தப்பு யாரோடதுன்னு சொல்றது கஷ்டம். ஒவ்வொருத்தரும் தன் பயிரைக் காப்பாத்தத்தான் பார்த்தாங்க.

கேரவான் கேம்ப்லயும் இதே கணக்குதான். எல்லா வண்டியும் 50 ஆம்பியர் இழுத்தா, கேம்ப்போட டிரான்ஸ்ஃபார்மர் தாங்கணும். அங்க டிரிப் ஆகிடும், எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நிலத்தடி நீருக்கு டிரிப் சுவிட்ச் கிடையாது.

உங்க அபார்ட்மென்ட்ல மின்சார கார் சார்ஜருக்கு லோடு ஏத்தலாமான்னு மீட்டிங் நடந்தா, இந்தக் கேள்வியைக் கேளுங்க: பெருசாகிறது நம்ம கனெக்‌ஷன் மட்டுமா, இல்ல பின்னாடி இருக்கிற ஊத்தும் பெருசாகுதா?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.