கோழிக்குப் பரிசோதனை இருக்கு, நமக்கு?

நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் அறுவடை சீசன்ல வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், பாதி ரோட்டுல மக்காச்சோளம்தான் காயும். பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் போகுது. அங்கே கால்நடைக் கல்லூரியில தீவனத்தைச் சோதிக்க தனியா ஒரு கூடமே இருக்கு. பூஞ்சண விஷம் இருந்தா கோழி செத்துடும், முட்டை குறைஞ்சுடும். காசு விஷயமாச்சே!

விஷம் கண்டுபிடிச்ச கதையும் கோழி வகையறாவுலதான் ஆரம்பிக்குது. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க செத்துச்சு. காரணம் தெரியாம 'எக்ஸ் நோய்'னு பேர் வச்சாங்க. கடைசில பார்த்தா, பிரேசில்லேர்ந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கு! (வெளியூர் நண்பர்களுக்கு: மல்லாட்டைன்னா நிலக்கடலை :-)) அதுல வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்ங்கிற பூஞ்சணத்தோட பேரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின்னு வச்சாங்க.

பதினாலு வருஷம் கழிச்சு, 1974. ராஜஸ்தான் பான்ஸ்வாடா, குஜராத் பஞ்சமஹால், ரெண்டும் பழங்குடி மக்கள் நிறைஞ்ச மாவட்டம். அறுவடை நேரத்துல மழை புடிச்சுக்கிச்சு. நனைஞ்ச மக்காச்சோளத்துல பூஞ்சணம். ஆனா அவங்களுக்கு தினச் சாப்பாடே அதுதான், தூக்கிப் போட முடியுமா? மஞ்சக்காமாலை, வயித்துல நீர்க்கோவை... கிட்டத்தட்ட 400 பேர் படுத்தாங்க, நூத்துக்கும் மேல செத்தாங்க. அதே சாப்பாட்டைத் தின்ன நாய்களும் செத்துச்சு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க போய்ப் பார்த்து, 1975-ல லான்செட்ல எழுதினாங்க.

முப்பது வருஷம் கழிச்சு 2004-ல கென்யாவுல அதே கதை. ஈரத்தோட வீட்டுல சேமிச்ச மக்காச்சோளம். 317 பேருக்கு நோய், 125 சாவு.

ரெண்டு இடத்துலயும் செத்தது யாருன்னு பாருங்க.  பெரும்பாலும் தான் விளைச்சதைத் தானே தின்னவங்க! சந்தைக்குப் போற சரக்கைச் சோதிக்க ஆள் இருக்கு, அடுக்களைப் பானையை யார் சோதிப்பா?

இப்படி கூட்டமா சாகறது அபூர்வம்தான். கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல உள்ளே போறதுதான் வில்லங்கம். ஈரல் புற்றுநோய் வரும், ஹெபடைடிஸ் பி இருந்தா ஆபத்து பல மடங்கு. வேக வச்சாலும் வறுத்தாலும் விஷம் முழுசா போகாது. சொத்தைக் கொட்டையைச் செக்குக்குத் தள்ளிட்டா தப்பிச்சோமா? எண்ணெயில கொஞ்சம் வரும், மிச்சம் புண்ணாக்குல. புண்ணாக்கு மாட்டுக்கு, பால் குழந்தைக்கு...

கல்வராயன் மலையில வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் விளைச்ச சாமையையும் சோளத்தையும் வீட்டுல வச்சுச் சாப்பிடற குடும்பங்க இருக்கு. அவங்களுக்கு லேப் கிடையாது. பல்லுல கடிச்சா 'டக்'னு உடையற வரைக்கும் காய வைக்கிற பழக்கம்தான் லேப். நல்ல பழக்கம்தான், ஆனா அறுவடையன்னிக்கு மழை வந்தா அதுவும் போச்சு. ஊருக்கு ஒரு உலர்களமும் ஒரு தார்ப்பாயும் பெரிய செலவா என்ன?

உங்க ஊர்ல மழைக்காலத்துல தானியத்தை எப்படிக் காப்பாத்துறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.