மகனின் முகநூலும் உம்மாவின் தவணையும்

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து காக்குமென்றே நம்பினோம். அது எழுதுகிறவர்கள் மீதே திரும்பியது. 2019 ஏப்ரலில், முகநூலில் இட்ட ஒரு சிங்களச் சிறுகதைக்காக சக்திக சத்குமார கைதானார். 2020 ஏப்ரலில், வெறுப்புக்கெதிராகப் பேனையையும் விசைப்பலகையையும் ஆயுதமாக்கச் சொன்ன முகநூல் பதிவுக்காக ரம்ஸி ராஸிக் கைதானார். ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார்.

இச்சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றமே, அதுவும் விசேட காரணமிருந்தால்தான், பிணை வழங்கலாம். நீதவான் நீதிமன்ற வாசலில் தவணைக்குத் தவணை காத்து நிற்கும் ஓர் உம்மாவுக்கு இது எப்படி விளங்கும்? மகன் எழுதியதை அவள் வாசித்துமிருக்க மாட்டாள்.

2023 நவம்பரில், ரம்ஸியின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டனவென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. நல்லது. ஆனால், “இனி ஒன்றும் எழுதாதே மகன்” என்று சொல்லப் பழகிவிட்ட உம்மாமாரின் அச்சத்தை எந்தத் தீர்ப்பு நீக்கும்?