ஆல்பனியில் நான்கு ஆண்டுகள்

பொது அறிவு நூல்களில் ஷெர்லி சிஷோமுக்கு ஒரு வரிதான் இருக்கும்: 1968இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். கொஞ்சம் தாராளமான நூலென்றால் 1972இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராவதற்கு ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்டதையும் சேர்த்துக்கொள்ளும். 'முதல் பெண்' பட்டியலில் ஏற்றப்படும் பெண்கள் எல்லோருக்கும் இதுதான் நேர்கிறது. எந்தக் கதவைத் திறந்தார் என்பது பதிவாகிறது. உள்ளே போய் என்ன செய்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

காங்கிரசுக்குப் போவதற்கு முன்னால், 1965 முதல் 1968 வரை, சிஷோம் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். தலைநகர் ஆல்பனியில் அவர் கழித்த அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அங்கே அவர் 'முதல்' இல்லை. பெஸ்ஸி பியூக்கனன் 1955இலேயே அந்த அவையில் அமர்ந்துவிட்டார். மேலவைக்குக் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி 1964இல் போனார். பட்டியலில் இடம் கிடைக்காத ஆண்டுகள் என்பதாலோ என்னவோ, இவற்றைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் பெண்களின் அன்றாடத்தில் கைவைத்த சட்டங்கள் அங்கேதான் வந்தன.

சிஷோம் 1924இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர், சாக்குப்பை ஆலைத் தொழிலாளி. தாய் ரூபி சீல் பார்படோஸ்காரர், துணி தைப்பவர். பிள்ளைகளையும் வேலையையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாமல் மகள்களைப் பார்படோசில் தன் தாயிடம் அனுப்பிவைத்தார். 1934இல்தான் அவர்கள் திரும்பினார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. தந்தையின் கூலி போதாமல் ரூபி வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனார். வீட்டுச் சாவி கயிற்றில் கோத்து மூத்த மகள் ஷெர்லியின் கழுத்தில் தொங்கியது. தங்கைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து கதவைத் திறப்பது அவர் பொறுப்பு.

அந்தச் சாவிக்குப் பின்னால் நாடு தழுவிய ஓர் ஏற்பாடு இருந்தது. அப்போது சம்பளத்துக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் பெரும்பகுதியினர் வீட்டுப் பணியாளர்கள். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையிழப்புக் காப்பீட்டுக்கும் அடித்தளம் போட்டது. அதிலிருந்து விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லோ 'பெண்' என்ற சொல்லோ எழுதத் தேவைப்படவில்லை. வேலையின் பெயரைச் சொன்னாலே போதுமாயிருந்தது.

அதே 1935இல் எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் 'தி கிரைசிஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தெருமுனைகளில் கறுப்பினப் பெண்கள் காலையிலிருந்து காத்து நிற்பார்கள். வெள்ளையர் வீட்டுப் பெண்கள் வந்து, மணிக்கணக்குக்குப் பேரம் பேசி, துணி துவைக்கவும் சன்னல் துடைக்கவும் கூட்டிப்போவார்கள். அந்தத் தெருமுனைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அடிமைச் சந்தை'. வாங்கியவர்களும் பெண்கள், விற்கப்பட்டவர்களும் பெண்கள். பெண்ணியம் பேசும் நாம் இந்தக் காட்சியை வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சிஷோம் புரூக்ளின் கல்லூரியில் படித்து 1946இல் பட்டம் பெற்றார். பிறகு குழந்தைகள் காப்பகங்களில் ஆசிரியராகவும் இயக்குநராகவும் பல ஆண்டுகள் வேலை செய்தார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவதையும், மூச்சிரைக்கத் திரும்பி வருவதையும் நாள்தோறும் பார்த்தவர் அவர்.

அரசியலுக்கு அவர் வந்த வழி சுருட்டுப் பெட்டி வழி. வட்டாரக் கட்சிக் கிளப்புக்கு நிதி திரட்ட ஆண்டுதோறும் சீட்டாட்ட விருந்தும் குலுக்கலும் நடக்கும். முழு உழைப்பும் பெண்களுடையது. குலுக்கல் பணம் போட்டுவைக்கும் சுருட்டுப் பெட்டிகளுக்கு வண்ணம் பூசி அழகுபடுத்துவது சிஷோமுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. செய்தார், செய்துகொண்டே மற்றப் பெண்களிடம் கணக்குக் கேட்கச் சொன்னார். திரட்டுவது நாம், செலவை முடிவு செய்வது ஆண்களா? பெண்கள் தலைவர்களிடம் போய்ப் பங்கு கேட்டார்கள், வாங்கினார்கள். கட்சிக்காரர்களுக்கு அவர் 'தொல்லை பிடித்தவள்' ஆனது அப்போதுதான்.

1964இல் அந்தத் தொகுதியின் உறுப்பினர் தாமஸ் ஜோன்ஸ் நீதிபதியாகப் போனதும் இடம் காலியானது. பத்தாண்டுகளுக்கு மேலாக உறை ஒட்டி, படியேறி, ஓட்டுக் கேட்டுக் கொடுத்த தனக்கே அது உரியது என்றார் சிஷோம். கிளப்பில் முணுமுணுப்பு. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனபோது, கணவனுக்குக் காலையுணவு செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்தாயா என்று ஒரு முதியவர் கேட்டதை அவரே எழுதியிருக்கிறார். கேட்டவரும் கறுப்பினத்தவர்தான். நிறத்தைவிடப் பெண் என்பதே தனக்கு அதிகத் தடையாக இருந்தது என்று பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னவர் சிஷோம். அந்தக் கருத்தோடு எல்லாக் கறுப்பினப் பெண்களும் உடன்பட மாட்டார்கள். இரண்டையும் இப்படித் தராசில் வைக்க முடியுமா என்பது எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அவர் வாழ்ந்த கட்சிக் கிளப்பிலிருந்து பார்த்தால் அந்தக் கோபம் விளங்குகிறது.

ஜெயித்தார். தொகுதி எல்லைகளை நீதிமன்றம் மாற்றி வரையச் சொன்னதால் 1965இலும் 1966இலும் மறுபடி நின்று மறுபடி ஜெயிக்க வேண்டியிருந்தது. மூன்றாண்டில் மூன்று தேர்தல்! இதற்கிடையே ஏறத்தாழ 50 மசோதாக்களைக் கொண்டுவந்தார். எட்டு நிறைவேறின.

அவற்றில் ஒன்று வீட்டுப் பணியாளர்களுக்கு வேலையிழப்புக் காப்பீடு. தொழிலாளிக்காக முதலாளி ஒரு வரி கட்டுவார். தன் தவறில்லாமல் வேலை போனால், அந்த நிதியிலிருந்து தொழிலாளிக்குச் சில மாதங்களுக்கு வாரந்தோறும் பணம் வரும். கேட்பதற்கு வெறும் நிதி ஏற்பாடு. ஆனால் அதற்கு, வீட்டுக்காரி தன்னை 'முதலாளி' என்று அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும். 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்ற பேச்செல்லாம் அந்தப் படிவத்தில் செல்லாது. ரூபி சீல் செய்த வேலைக்கு 'வேலை' என்ற பெயர், அவர் மகள் உட்கார்ந்த அவையில், சட்டத்தில் ஏறியது.

இன்னொன்று ஆசிரியைகளைப் பற்றியது. பிள்ளைப்பேற்றுக்காகப் பணியிலிருந்து விலகியிருந்த ஆசிரியை, அதுவரை சேர்த்த பணி நிரந்தர உரிமையை இழந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நிலை இருந்தது. அதை மாற்றினார்கள்.

மூன்றாவது, என்னைப் போலக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்கு நெருக்கமானது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் அப்போது கட்டணமே கிடையாது. ஆனாலும் ஹார்லெமில் இருந்த சிட்டி கல்லூரியில்கூட மாணவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். மதிப்பெண் என்ற வாசல் அப்படி. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கட்டணமில்லாத கல்வியும் எட்டாக்கனி. பெர்சி சட்டன் போன்ற சக உறுப்பினர்களோடு சேர்ந்து சிஷோம் பாடுபட்டு நிறைவேற்றிய 'சீக்' திட்டம் அந்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்ததோடு விடாமல், விட்டுப்போன பாடங்களைக் கற்பிக்க வகுப்பு, ஆலோசகர், கைச்செலவுக்கு உதவித்தொகை எல்லாம் கொடுத்தது. இது சலுகை என்று அன்றும் சொன்னார்கள்.

அந்த வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க யார் வந்தார்கள் தெரியுமா? டோனி கேட் பம்பாரா, ஜூன் ஜோர்டன், ஆட்ரி லார்ட், ஏட்ரியன் ரிச். இன்று பெண்ணிய இலக்கியப் பாடத்திட்டங்களில் நாம் வரிசையாக அடுக்கும் பெயர்கள். ஒரு மாநிலச் சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தில் நடந்த வகுப்பறையில், கல்லூரி 'தகுதியில்லை' என்று ஒதுக்கிய மாணவர்கள் முன்னால் இவர்கள் நின்றார்கள். கவிதையை நாம் வாசிக்கிறோம், அதன் பின்னால் இருந்த நிதி ஒதுக்கீட்டை வாசிப்பதில்லை. 1969இல் சிட்டி கல்லூரியைக் கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து முடக்கினார்கள். அடுத்த ஆண்டு எல்லோருக்கும் சேர்க்கை என்ற கொள்கை வந்தது.

1968இல் காங்கிரஸ் தேர்தலில் சிஷோமை எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் ஃபார்மர். 1961இன் 'விடுதலைப் பயணங்களை' நடத்திய பெருந்தலைவர். வாஷிங்டனில் ஓர் ஆணின் குரல் வேண்டும் என்பது அவர் பிரச்சாரம். தொகுதியில் பதிவு செய்த வாக்காளர்களில் பெண்களே அதிகம் என்பதைச் சிஷோம் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். போர்ட்டோ ரிக்கப் பெண்களிடம் ஸ்பானிய மொழியில் பேசினார். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். அதற்குப் பிறகுள்ளது பொது அறிவு நூல்களில் இருக்கிறது.

ஒன்று மட்டும் இல்லை. 1972இல் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்த ஜார்ஜ் வாலசை, இனப்பிரிவினையின் முகமாக இருந்த அலபாமா ஆளுநரை, சிஷோம் போய்ப் பார்த்தார். சொந்தத் தொகுதி மக்களே அவரைத் திட்டினார்கள். 1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை வீட்டுப் பணியாளர்களுக்கும் நீட்டிக்கும் திருத்தம் வந்தபோது, தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டுகளைத் திரட்ட வாலஸ் உதவினார். 1938இல் விட்டவர்களை 36 ஆண்டு கழித்துச் சட்டம் உள்ளே விட்டது. அப்போதும் எல்லோரையும் அல்ல. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் 'துணை' இருக்கும் பணியை விலக்கிவைத்தார்கள். 1983இல் சிஷோம் காங்கிரசை விட்டு விலகினார், 2005 ஜனவரி 1 அன்று இறந்தார். 2015இல் ஒபாமா அவருக்கு விடுதலைப் பதக்கம் அறிவித்தார். ஏஜென்சிகள் அனுப்பும் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் மிகுதிநேரக் கூலியும் உண்டு என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.