இசை ரசனையும் வளர்ப்பும்

ஒருவர் எந்தப் பாட்டை விரும்புகிறார் என்பதில் பிறந்த ஊர், சாதி, வர்க்கம், படிப்பு, வயது ஆகியவற்றுக்குள்ள பங்கைக் குறிக்கும் சமூகவியல் பொருள். பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு 1979-இல் வெளியிட்ட ஆய்வு நூல், வர்க்கத்தை இசை ரசனை அளவுக்குக் காட்டிக்கொடுப்பது வேறெதுவும் இல்லை என்றது.

தமிழகத்தில் இதற்குச் சான்று தேடி நூலகம் போக வேண்டியதில்லை. நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் போன்ற முந்திரிக்காட்டு ஊர்களில் பாட்டு முதலில் காதில் விழுவது ரேடியோ செட் எனப்படும் ஒலிபெருக்கியிலிருந்துதான். ஆடி மாதம் விடியுமுன்னே மரத்தில் கட்டிய குழாயில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் சினிமாப் பாட்டு. பிள்ளைகளை யாரும் விருப்பம் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டே பழகிவிடுகிறது. பக்கத்து நெய்வேலி நகரியமோ 1956-இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்தது. பல மாநிலத்தார் குடியேறிய அங்கே பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புவது, சொல்லப்போனால், அந்தஸ்தும்கூட.

தலைமுறையும் கோடு கிழிக்கிறது. 'அன்னக்கிளி' (1976) கேட்டு வளர்ந்தவருக்கு இளையராஜா. 'ரோஜா'வுக்கு (1992) பின் வளர்ந்தவருக்கு ஏ.ஆர். ரஹ்மான். இருவரில் யார் பெரியவர் என்ற சண்டையில் இசையைவிட இளமை நினைவுக்கே பங்கு அதிகம்.

ஆனாலும் வளர்ப்பு முழு விதியல்ல. நாகூர் இ.எம். ஹனிபாவின் குரல் இஸ்லாமிய வீடுகளைத் தாண்டி, தி.மு.க. மேடைகள் வழியாகத் தமிழகமெங்கும் சென்றது. அம்மன் பாட்டுக்கே அடையாளமான ஈஸ்வரி பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில்.