கலவையைப் பிரித்த கணக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த கூட்டு வன்கொடுமை வழக்கொன்றில், டிஎன்ஏ கலவையில் 'இவரும் இருக்கலாம், விலக்க முடியாது' என்று ஆய்வகம் சொன்னதும் ஒருவர் சிறைக்குப் போனார். பின்னாளில் இட்டியல் ட்ரோர், கிரெக் ஹாம்பிகியன் என்ற இரு ஆய்வாளர்கள் அதே வரைபடத்தை, வழக்கு விவரம் எதையும் சொல்லாமல், வேறு 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். விலக்க முடியாது என்றவர் ஒரே ஒருவர். 4 பேர் முடிவு சொல்ல இயலாது என்றனர். மற்ற 12 பேரும் அந்த மனிதரை விலக்கிவிட்டனர். முடிவு 2011-இல் வெளியானது.

படித்தவர்களுக்குள் இப்படி ஒரு வேறுபாடு ஏன்? ஆய்வகக் கருவி டிஎன்ஏவை முகடுகளாக வரைந்து காட்டும். ஒருவருடையது என்றால், ஓரிடத்தில் ஒன்றோ இரண்டோ முகடுதான். மூன்று நான்கு பேர் கலந்துவிட்டால் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். போதாக்குறைக்கு, டிஎன்ஏவை நகலெடுக்கும்போது உண்மையான முகட்டுக்கு அருகில் 'ஸ்டட்டர்' என்ற குட்டிப் போலி முகடும் முளைக்கும். அது போலியா, யாரோ ஒருவர் விட்டுப்போன சொற்பத் தடயமா? நிபுணர் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுவார். சந்தேக நபரின் டிஎன்ஏ பக்கத்திலேயே இருந்தால், கண் அதைத்தான் தேடும்.

இந்தப் போலி முகட்டோடு மல்லுக்கட்டியதில்தான் ட்ரூஅலீல் என்ற மென்பொருள் பிறந்தது. மார்க் பெர்லின் மருத்துவமும் கணினியியலும் படித்தவர். 1990-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மரபணு ஆராய்ச்சியில் இருந்தபோது, ஸ்டட்டரைக் கண்ணால் ஊகித்துத் தள்ளாமல் கணக்குப் போட்டுக் கழிக்க வழி கண்டார். சைபர்ஜெனடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவர் மனத்தில் குற்றவியல் இல்லை. நோய்களுக்கான மரபணு தேடலே நோக்கம். அதைத் தடயவியல் பக்கம் கொண்டுவந்தது பிரிட்டனின் தேசிய டிஎன்ஏ தரவுத்தளப் பணி. கலவைகளைப் பிரிக்கும் திறன் அதன்பிறகு வளர்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிது, கணக்குதான் பெரிது. கோடு போட்டு எதையும் தள்ளுவதில்லை. இன்னாருடைய டிஎன்ஏ இவ்வளவு பங்கு என்று கணினி ஓர் ஊகம் செய்யும். அந்த ஊகப்படி வரைபடம் எப்படி வரும் என்று கணக்கிட்டு, உண்மையான வரைபடத்தோடு ஒப்பிடும். இப்படி ஆயிரக்கணக்கில் ஊகித்து, பொருந்துவதற்கு மதிப்பைக் கூட்டும். சந்தேக நபரின் டிஎன்ஏ கடைசியில்தான் ஒப்பீட்டுக்கு வரும். என் பார்வையில் இதுதான் இதன் உயிர்நாடி.

2009-இல் பென்சில்வேனியாவில் ட்ரூஅலீல் முதன்முறையாகக் குற்ற வழக்கு விசாரணையில் பயன்பட்டது. பல் மருத்துவர் ஒருவரைக் கொன்றதாக மாநிலக் காவலர் ஒருவர் மீது வழக்கு. இறந்தவரின் நகத்தடியில் கலவை. அது காவலரோடு தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்புக்கு எஃப்பிஐ சொன்ன எண் 13,000-இல் ஒன்று. இன்னொரு நிபுணர் 2.3 கோடி என்றார். ட்ரூஅலீல் 18,900 கோடி என்றது. ஒரே நகத்தடிக்கு மூன்று எண்கள்! காவலர் தண்டிக்கப்பட்டார்.

விடுவிக்கவும் அது உதவியது. இந்தியானாவில் 1989-இல் ஐவர் சேர்ந்து செய்த வன்கொடுமைக்காக ஓர் ஆலைத் தொழிலாளிக்கு 65 ஆண்டுச் சிறை. முந்தைய டிஎன்ஏ சோதனைகள் அவர் பக்கம் இருந்தும் மேல்முறையீடு தோற்றது. ட்ரூஅலீல் கலவையைப் பிரித்ததில் ஐந்து பேர் கிடைத்தார்கள். அவர்களில் மூவர் உடன்பிறந்தவர்கள் என்பதும் தெரிந்தது. தொழிலாளி அதில் இல்லை. 2016 ஏப்ரலில் வெளியே வந்தார்.

ஆனால் அதே 2016-இல் நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டம் ஊர்ச் சிறுவன் கொலை வழக்கு விசாரணையில், எஸ்டிஆர்மிக்ஸ் என்ற போட்டி மென்பொருள் குற்றம் சாட்டப்பட்டவரோடு தடயத்தைத் தொடர்புபடுத்தியது. ட்ரூஅலீல் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. நீதிபதி எஸ்டிஆர்மிக்ஸ் முடிவை ஏற்க மறுத்தார். நிபுணர்கள் முரண்பட்டால் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். மென்பொருளை? ட்ரூஅலீலின் மூலநிரல் வணிக ரகசியம் என்றார் பெர்லின். சுமார் 1,70,000 வரிகள். மணிக்குப் பத்து வரி வீதம் படித்தால் எட்டரை ஆண்டு ஆகும் என்றும் சொன்னார். அது திறப்பதற்கான காரணமே தவிர, மறைப்பதற்கானது அல்ல. 2021 பிப்ரவரியில் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ரகசியக் காப்பு நிபந்தனையோடு மூலநிரலை எதிர்த்தரப்பு நிபுணருக்குக் காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.